விதிநூலை மூடிவைக்கச் சொல்வோருக்கு ஒரு மறுப்பு

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களைப் பற்றி இன்று பரவலாக நிலவும் கருத்து, விதிகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவுக்குக் கற்பனை வளரும் என்பதாகும். நல்ல ஆட்ட நடத்துநர் வேண்டும்போதெல்லாம் விதிநூலை ஒதுக்கிவைப்பார் என்றும், பகடை காட்டும் எண் கதைக்கு இடையூறானால் அதைத் திரைக்குப் பின்னால் மாற்றிக்கொள்வது குற்றமன்று என்றும், விதியைச் சுட்டிக்காட்டி வாதாடுபவர் கதையின் சுவை அறியாதவர் என்றும் புதிதாக ஆட வருவோருக்கு முதல் நாளிலேயே சொல்லித்தரப்படுகிறது. தொழில்முறைக் குரல் நடிகர்கள் ஆடுவதை 2015 முதல் ஒளிபரப்பிவரும் 'கிரிட்டிக்கல் ரோல்' போன்ற நிகழ்ச்சிகளையும், 2016இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரையும் பார்த்து இந்த ஆட்டத்துக்கு வந்த தலைமுறையினரிடம் இக்கருத்து கேள்விக்கு அப்பாற்பட்ட ஒன்றாகவே வேரூன்றிவிட்டது. அது தவறானது என்பதும், கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றினாலும் நடைமுறையில் எளியவரின் வாயை அடைப்பது என்பதும் இக்கட்டுரையின் வாதம். விதிகள், மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரிடையே கதையின் போக்கை முடிவுசெய்யும் அதிகாரத்தைப் பங்கிட்டுத் தருகின்றன. அவற்றை நீக்கினால் அந்த அதிகாரம் காற்றில் கரைந்துவிடாது, மேசையில் மிகச் சரளமாகப் பேசுபவரின் கைக்குப் போய்ச் சேரும். பல மொழி பேசுவோர் ஒரே மாடியில் வாழும் சிங்கப்பூரின் பூன் லே போன்ற ஒரு வட்டாரத்தில் இந்த வேறுபாடு வெறும் கோட்பாட்டுச் சண்டையாக இருக்க முடியாது.

இந்த ஆட்டங்களின் அமைப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நலம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களில் ஒருவர் ஆட்ட நடத்துநர், 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் இவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் வாள்வீரர், மந்திரவாதி, கள்வர், பாணர் என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். பாத்திரத்தின் வலிமை, அறிவு, ஈர்ப்புத்திறன் முதலியவை எண்களாகப் பாத்திரத் தாளில் எழுதப்பட்டிருக்கும். நடத்துநர் சூழலை விவரிக்க, ஆட்டக்காரர் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்; அச்செயல் வெல்லுமா தோற்குமா என்பது ஐயத்துக்குரியதானால் பகடை உருட்டப்பட்டு, அதன் எண்ணோடு தாளிலுள்ள எண் கூட்டப்பட்டு முடிவு காணப்படும். வெற்றி தோல்வி என்ற இறுதிக் கணக்கு இல்லாமல், ஒரே கதை வாரக்கணக்கில், சில மேசைகளில் ஆண்டுக்கணக்கில் தொடரும்.

மறுக்கப்படும் கருத்துக்கு ஒரு மதிப்புமிக்க வரலாறு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரஷ்யப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட 'கிரீக்ஷ்பீல்' என்னும் போர்ப் பயிற்சி ஆட்டம் வரைபடம், மரக் கட்டைகள், பகடை, இழப்புக் கணக்கு அட்டவணைகள், இவற்றையெல்லாம் மேற்பார்க்கும் ஒரு நடுவர் என்ற அமைப்பைக் கொண்டிருந்தது. அட்டவணைகளைப் புரட்டுவதிலேயே பொழுது போகிறது என்ற சலிப்பு அதிகாரிகளிடையே வளர, 1876இல் ஃபெர்டி து வெர்னுவா என்ற தளபதி, விதிகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு நடுவரின் போர் அனுபவத்தையே தீர்ப்பாகக் கொள்ளும் கட்டற்ற வடிவத்தை முன்வைத்தார். அமெரிக்காவில் 1880இல் வெளிவந்த டாட்டனின் 'ஸ்ட்ராட்டகோஸ்' நூல் வழியாக இந்த நடுவர் மரபை அறிந்த டேவிட் வெஸ்லி, 1969இல் மினசோட்டாவில் 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தி, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி மனிதரின் பாத்திரத்தைக் கொடுத்தார். அதில் ஆடிய டேவ் ஆர்னெசன் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை உலகை உருவாக்க, அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக வெளியிட்டனர். ஆக, நடுவரின் தன்னுரிமையான தீர்ப்பு இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது என்று விதிகளை வேண்டாதோர் சொல்வது உண்மையே.

ஆனால் அந்த வரலாற்றின் மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. ஃபெர்டியின் கட்டற்ற வடிவம் செயல்பட்டதற்குக் காரணம், மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அனைவரும் ஒரே படையின் அதிகாரிகள், ஒரே பயிற்சி பெற்றவர்கள், ஒரே மொழியினர், நடுவரின் மூப்பை ஏற்கப் பழகியவர்கள் என்பதுதான். குதிரைப்படை ஒரு குன்றை எவ்வளவு நேரத்தில் கடக்கும் என்பது அச்சிட்ட அட்டவணையில் இல்லாவிட்டாலும், அங்கிருந்த ஒவ்வொருவரின் தலைக்குள்ளும் இருந்தது; விதி நூலிலிருந்து நீங்கிப் பயிற்சியில் தங்கியிருந்தது. அத்தகைய பொதுப் பயிற்சி இல்லாத இடத்தில் அதே முறையைக் கையாண்டால் எஞ்சுவது நடுவரின் விருப்பம் மட்டுமே. பறக்கும் நாகங்களும் மந்திரங்களும் உலவும் ஓர் உலகில் எது நடக்கக்கூடியது, எது நடக்காதது என்பதற்கு எவருக்கும் முன்னனுபவம் கிடையாது. அந்த உலகைப் பற்றி மேசையிலுள்ள அனைவருக்கும் பொதுவான அறிவு என்று ஒன்று உண்டென்றால் அது விதிநூல்தான்.

ஆர்னெசனின் மேசையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 'பிளாக்மூர்' தொடக்கத்தில் 'செயின்மெயில்' என்ற போர் ஆட்ட விதிகளைப் பின்பற்றியது. அவ்விதிகளில் ஒரு வெட்டு விழுந்தால் ஆள் மடிந்தான். தம் பாத்திரத்தின் மேல் பற்றுக்கொண்ட ஆட்டக்காரர்கள் இதை விரும்பவில்லை. ஆர்னெசன் விதியைத் தூக்கியெறியவுமில்லை, ஒவ்வொரு முறையும் கருணை காட்டி உயிர்ப்பிக்கவுமில்லை. தாம் முன்பு எழுதியிருந்த கடற்போர் விதிகளில் கப்பல்கள் சிறிது சிறிதாகச் சேதம் தாங்கும் முறையை எடுத்து மனிதப் பாத்திரங்களுக்குப் பொருத்தியதாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். இன்று கணினி ஆட்டங்கள்வரை பரவியிருக்கும் 'ஹிட் பாயிண்ட்' என்னும் உயிர்ப்புள்ளிக் கணக்கு அப்படி வந்தது. பல வாரங்கள் உயிரோடிருந்து, அனுபவம் பெற்று, பகையும் நட்பும் சேர்த்துக்கொள்ளும் நாயகர் என்ற கருத்தே இதனால்தான் நிலைபெற்றது. கதைக்கு விதி தடை என்போர், தாம் போற்றும் நீண்ட கதைக்குத் தாயாக இருந்தது ஒரு விதி என்பதைக் கருத வேண்டும்.

விதியை ஒதுக்கும் மனப்பான்மை ஒரு கொள்கையாக உருவெடுத்தது பிற்காலத்தில்தான். 1991இல் வெளிவந்த 'வேம்பயர்: த மாஸ்கரேட்' நடத்துநரைக் கதைசொல்லி என்று அழைத்து, விதிகள் கதைக்குக் கீழ்ப்பட்டவை, வேண்டாதவற்றைப் புறக்கணிக்கலாம் என்பதையே தன் பொன்விதியாக அறிவித்தது. அதற்கு முன்பே, ஆட்டப் பாணிகள் ஆட்களின் இயல்பைப் பொறுத்தவை என்ற எண்ணம் நிலைபெற்றிருந்தது. கிளென் பிளேகோ 1980இல் 'டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், பாத்திரத்தின் ஆற்றலைப் பெருக்குவதை நாடுவோர், போர்த்தந்திரத்தை நாடுவோர், பாத்திரமாகவே வாழ்வதை நாடுவோர், கதையை நாடுவோர் என்று நான்கு பாணிகளைப் பகுத்தார். ராபின் லாஸ் 2002இல் எழுதிய கையேடு அதை மேலும் விரித்து, ஆட்டக்காரர் வகைகளை அடையாளம் காண நடத்துநருக்குக் கற்பித்தது. இப்பகுப்புகள் பயனுள்ளவை. அவற்றிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு தவறானது: பாணி ஆளைச் சார்ந்தது, எனவே எந்த விதிநூலைக் கொண்டும் எந்தப் பாணியிலும் ஆடலாம், விதி ஒரு பொருட்டன்று என்பதே அம்முடிவு.

அனுபவப் புள்ளிகளின் வரலாறு இதைத் தகர்க்கிறது. பாத்திரம் வளர்வதற்குச் சேர்க்க வேண்டிய புள்ளிகளில் பெரும்பங்கு, தொடக்கக் கால 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிகளில், பாதாளச் சுரங்கத்திலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவரும் செல்வத்துக்குக் கிடைத்தது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. கொல்லப்படும் விலங்குக்குக் கிடைத்த புள்ளிகள் சொற்பம், கொல்லப் போனால் உயிருக்கு ஆபத்தோ அதிகம். ஆகவே அக்கால ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்தனர். பதுங்கினர், பேரம் பேசினர், பொறி வைத்தனர், காவலுக்கு நிற்கும் பூதத்துக்கு இறைச்சி வீசித் திசைதிருப்பினர். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு செல்வத்துக்கான புள்ளியை விருப்ப விதியாக ஒதுக்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, எதிர்கொண்டு வென்ற சவாலின் கடினத்தை அளந்து புள்ளி வழங்கியது. நூலின் பெயரும் நாகங்களும் மாறவில்லை. ஆனால் மேசைகளில் போர் முதன்மையானது, பதுங்கல் தேய்ந்தது. 1981இல் வெளிவந்த 'கால் ஆஃப் கதுல்ஹு' ஆட்டத்தில் அச்சமூட்டும் காட்சிகளைக் காணக்காணக் குறைந்துகொண்டே போகும் மனநலக் கணக்கு ஒன்று உண்டு. முந்தைய வாரம் வாளை உருவிக்கொண்டு பாய்ந்த அதே நண்பர்கள் அந்த ஆட்டத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஓடுவார்கள். ஆட்கள் அவர்களேதான், மாறியது விதி. அமைப்பு முக்கியமானது என்று 1990களின் இறுதியில் ஆட்ட வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் வாதிட்டபோது பலர் முகம் சுளித்தனர். ஆனால் எது பரிசளிக்கப்படுகிறதோ அதுவே ஆடப்படும் என்ற எளிய உண்மையை எவராலும் மறுத்துக்காட்ட இயலவில்லை.

இனி இக்கட்டுரையின் மையமான வாதத்துக்கு வரலாம். சிங்கப்பூரின் மேற்கில், சியூ பூன் லே என்ற தோட்ட அதிபரின் பெயரைத் தாங்கி நிற்கும் பூன் லே வட்டாரம், 1961இல் தொடங்கிய ஜூரோங் தொழிற்பேட்டைக்குப் பின்னணியில் வளர்ந்தது. 1990இல் திறக்கப்பட்ட அதன் எம்ஆர்டி நிலையம் 2009வரை கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கடைசி நிறுத்தமாக இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்துக்கும் விகிதாசாரம் வகுத்த 1989ஆம் ஆண்டுக் கொள்கையின் விளைவாக, அங்கே ஒரே புளோக்கின் கீழ்த்தளத்தில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அடுத்தடுத்து அமர்வது இயல்பு. சற்றுத் தொலைவில் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களும், தொழிற்சாலைகளில் பணிபுரிவோரும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தோரும் அதே சந்தையில், அதே உணவங்காடியில் நடமாடுகின்றனர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம், தமிழ் 2.5 விழுக்காடு. பள்ளியில் எல்லாரும் ஆங்கிலவழியில் பயின்றாலும், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவரின் நாவுக்கும், வீட்டில் தமிழோ மலாயோ மாண்டரினோ பேசி வளர்ந்தவரின் நாவுக்கும் சரளத்தில் வேறுபாடு இருக்கவே செய்யும். இத்தகைய வட்டாரத்தில் கூடும் பாத்திர ஆட்ட மேசையின் பொதுமொழி, ஏறக்குறையத் தவறாமல், ஆங்கிலம்.

அத்தகைய மேசையில் விதிகளின்றி ஆடினால் என்ன ஆகும் என்பதைக் கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். ஊர் வாசலைக் காவலர் அடைத்து நிற்கிறார். உள்ளே போயாக வேண்டும். பேச்சால் மனிதரை வசப்படுத்தும் பாணரின் பாத்திரத்தை ஏற்றிருப்பவர், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த, ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசும் ஓர் இளைஞர். வாள்வீரரின் பாத்திரத்தை ஏற்றிருப்பவர் பள்ளி விவாத மேடைகளில் பயின்ற, சொல்லுக்குத் தடுமாறாத மற்றோர் இளைஞர். கதைக்கே முதலிடம் கொடுக்கும் நடத்துநர், காவலரிடம் என்ன பேசுகிறாய், பேசிக் காட்டு என்கிறார். பாணர் இரண்டு வாக்கியம் சொல்லி நிற்கிறார், வாள்வீரர் இடையில் புகுந்து நகைச்சுவையும் நயமும் கலந்து பேசுகிறார், மேசை சிரிக்கிறது, காவலர் வழிவிடுகிறார். எவரும் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனாலும் தாம் ஏற்ற பாத்திரத்தின் ஒரே வலிமையை அந்த இளைஞர் இழந்துவிட்டார்; அடுத்த வாரம் அவர் பேச வாயெடுக்கமாட்டார், அதற்கடுத்த சில வாரங்களில் வராமலே நின்றுவிடவும் கூடும்.

அதே காட்சியை 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைக் கொண்டு ஆடலாம். பாணரின் ஈர்ப்புத்திறன் 16. அதனால் கூட்டெண் 3. இணங்கச் செய்தலில் அவர் பயின்றவர். அதனால் மேலும் 2. காவலரை இணங்கவைப்பது நடுத்தரக் கடினமுள்ள செயல் என்று நடத்துநர் 15 என்ற இலக்கை வைக்கிறார். இருபதுமுகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். இருபது முகங்களில் பதினொன்று சாதகம், அதாவது 55 விழுக்காடு வாய்ப்பு. ஈர்ப்புத்திறன் 10 உள்ள, அதில் பயிற்சியற்ற வாள்வீரருக்கு அதே செயலில் 15 விழுந்தாக வேண்டும்; வாய்ப்பு 30 விழுக்காடு. இப்போது வாயிலில் முன்னே நிற்பது பாணரே என்பதை மேசையே விரும்பும். இவருடைய சகோதரரின் கடனைத் தீர்த்தவன் நான் என்று சொல்கிறேன் என அந்த இளைஞர் உடைந்த ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் சொன்னாலும் போதும். அந்த வாக்கியத்தின் இலக்கணத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை, அதன் கருத்துக்கும் தாளிலுள்ள எண்ணுக்குமே மதிப்பு. உடலில் வலிமையில்லாதவர் மலையைப் புரட்டும் வீரராக ஆடுவதற்கு எவரும் தடை சொல்வதில்லை. அப்படியிருக்க, நாவில் சரளமில்லாதவர் சொல்வல்லாராக ஆடக் கூடாது என்பது என்ன நியாயம்? விதியற்ற மேசை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, ஏனெனில் அங்கே இக்கேள்வி எழுவதே இல்லை.

எழுதப்பட்ட விதிக்கு இன்னொரு சமூகப் பயனும் உண்டு. சிங்கப்பூரில் இளைஞர்கள் இரண்டாண்டு தேசிய சேவைக்குச் செல்ல வேண்டியிருப்பதால் மேசைகள் கலைந்தும் மீண்டும் கூடியும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கின்றனர். நடத்துநரின் மனப்போக்கும் பழைய நண்பர்களின் வழக்கமுமே சட்டமாக இருக்கும் இடத்தில் புதியவர் விருந்தாளியாகவே இருப்பார். எது செல்லும், எது செல்லாது என்பதை முகக்குறிப்பிலிருந்து ஊகித்துக்கொண்டே ஆட வேண்டியிருக்கும். ஒரு மந்திரத்தின் வீச்சு எத்தனை அடி என்பது நூலில் இருந்தால், நேற்று வந்தவரும் பத்தாண்டு ஆடியவரும் அந்த ஒரு பக்கத்தின் முன் சமம்.

விதி கற்பனையைக் கட்டிப்போடும் என்ற வாதத்தைத் தமிழ் வாசகர் எளிதில் நம்பத் தேவையில்லை. தமிழின் மிக இறுக்கமான யாப்புகளில் ஒன்று வெண்பா: வெண்டளை தவிர வேறு தளை புகக் கூடாது, ஈற்றடி முச்சீராக அமைய வேண்டும், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றால் முடிய வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர் கேட்டவர் கொடுத்த விபரீதப் பொருள்களையெல்லாம் நின்ற இடத்திலேயே பாடியதாகப் போற்றப்படுவது பெரும்பாலும் இந்த யாப்பில்தான். தளை தட்டாமல் அடுத்த சீரைத் தேடும் தேவைதான், தேடாதிருந்தால் கிட்டியிராத சொல்லைப் புலவருக்குக் கொண்டுவந்து தருகிறது. பாத்திர ஆட்டத்திலும் நிகழ்வது இதுவே. வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் உருவாக்கி 2010இல் வெளிவந்த 'அப்போகாலிப்ஸ் வேர்ல்ட்' ஆட்டத்தில் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுகின்றனர்: 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் நடத்துநரின் கை ஓங்கும். கூட்டெண் எதுவும் இல்லாதபோது 36 சேர்க்கைகளில் 6 முழு வெற்றிக்கும் 15 இடைநிலைக்கும் உரியவை. கூட்டெண் 2 ஆனாலும், முழு வெற்றிக்கு 15 சேர்க்கைகள் கிடைக்க, இடைநிலைக்கு அதே 15 எஞ்சுகிறது. இவ்வளவு திறமை இருந்தும் ஐந்தில் இரண்டு முறைக்கு மேல் ஏதோ ஒரு சிக்கலோடுதான் வெல்ல முடியும். பூட்டு திறக்கும், ஆனால் கருவி உடையும். நண்பர் காப்பாற்றப்படுவார், ஆனால் பகைவர் முகத்தைப் பார்த்துவிடுவார். தம் விருப்பப்படி கதை சொல்லும் எவரும் தம் நாயகருக்கு இத்தனை சங்கடங்களை இவ்வளவு விடாப்பிடியாகத் தேர்ந்துகொள்ள மாட்டார். விதிதான் அவற்றைத் திணிக்கிறது, கதை அவற்றிலிருந்துதான் கிளைக்கிறது.

இதற்கு எதிராக, 2008இல் மேத்யூ ஃபின்ச் வெளியிட்ட பழைய பாணி ஆட்டத்துக்கான சிறு கையேடு, எழுதிய விதியைவிட நடத்துநரின் உடனடித் தீர்ப்புக்கு முதன்மை அளித்ததைச் சிலர் சான்று காட்டுவர். அந்தப் பழைய பாணியின் விதிநூலை நெருங்கிப் பார்த்தால் சான்று திரும்பிவிடுகிறது. 1981ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அடிப்படைப் பதிப்பில் ஒரு தீப்பந்தம் ஆறு திருப்பங்கள், அதாவது ஒரு மணி நேரம் எரியும். இரண்டு திருப்பத்துக்கு ஒருமுறை அலையும் விலங்கு வருகிறதா என்று பகடை உருட்ட வேண்டும். எதிர்ப்படுவது தாக்குமா, தயங்குமா, நட்புக்காட்டுமா என்பதை இரண்டு பகடைகளை உருட்டி முடிவுசெய்ய அட்டவணை உண்டு. பகைவர் எப்போது புறமுதுகிடுவர் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்தப் பாணியில் விதிகள் எண்ணிக்கையில் குறைவே. இருப்பவை தெளிவானவை. சிக்கனமான விதி வேறு, விதியின்மை வேறு. முன்னதன் புகழை எடுத்துப் பின்னதற்குச் சூட்டுவது நேர்மையான வாதமாகாது.

பகடையை மறைத்து மாற்றும் பழக்கத்துக்கு இன்னும் கடுமையான மறுப்புத் தேவை. சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், இத்துறையின் முன்னோடி ஆய்வாகிய 1983ஆம் ஆண்டு நூலில், பகடை எண்ணை மாற்றிச் சொல்லும் வழக்கம் ஆட்டக்காரரிடையே பரவலாக இருந்ததைப் பதிவுசெய்தார். ஆட்டக்காரர் செய்தால் அதற்குப் பெயர் ஏமாற்று. நடத்துநர் திரைக்குப் பின்னால் செய்தால் அது கலை என்கின்றனர். நாயகர் அற்பமாகச் சாகக் கூடாது என்ற நல்லெண்ணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சாக முடியாதவரின் துணிச்சல் துணிச்சலாகாது. தம் முடிவுகளுக்கு விளைவு உண்டு என்று நம்பி வாரக்கணக்கில் எண்ணியெண்ணி ஆடியவருக்கு, அந்த விளைவை வேறொருவர் முன்பே தீர்மானித்து வைப்பது அவரை மதிக்காத செயல். மரணத்தைக் குறைக்க விரும்பும் மேசைக்கு நேர்வழிகள் திறந்தே இருக்கின்றன. ஐந்தாம் பதிப்பில் உயிர்ப்புள்ளி தீர்ந்தவர் உடனே சாவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி, மூன்று தோல்விக்கு முன் மூன்று வெற்றி பெற்றால் பிழைப்பார், இடையில் தோழர்கள் காப்பாற்றவும் கூடும். அதுவும் போதாதென்றால், சாவு ஆட்டக்காரரின் சம்மதத்தோடு மட்டுமே நிகழும் என்று எல்லாரும் அறிய முன்கூட்டியே விதி வகுத்துக்கொள்ளலாம். கருணை விதியாக எழுதப்பட்டால் அது எல்லாருக்கும் உரிமை. திரைக்குப் பின்னால் வழங்கப்பட்டால் அது நடத்துநரின் தயவு, தயவு எப்போதும் பிரியமானவருக்கே முதலில் போகும்.

மேசைக்கு மேசை விதி மாறலாமே என்ற கேள்வி எழும். மாறலாம், மாறவும் வேண்டும். தாயம் ஆடும் வீடுகளில், தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதில் ஒற்றுமை இருந்தாலும், ஒரு வெட்டாவது வெட்டாமல் பழம் எடுக்கலாமா, எந்த எண்ணுக்கு மறு ஆட்டம் உண்டு என்பவை வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆனால் எந்தப் பாட்டியும் பேரன் பழமேறப்போகும் நேரத்தில் புதுவிதி சொல்ல அனுமதிக்கப்பட்டதில்லை; ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுக்கொள்வதே முறை. வீட்டு விதி என்பது எல்லாரும் அறிந்து ஏற்ற விதி. நடுவில் பிறக்கும் விதிவிலக்கு அதற்கு நேர் எதிரானது.

எதிர்த்தரப்பின் குறைகூறல்களில் நியாயமானவை உள்ளன. விதிநூலின் வரியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வாதாடி மற்றவர் பொழுதைக் கெடுப்போர் இருக்கின்றனர். முந்நூறு பக்க நூல் புதியவரை மிரட்டும். 1979ஆம் ஆண்டு நடத்துநர் கையேட்டிலிருந்த கைகலப்பு விதிகள், அந்நூலை நேசிப்பவர்களே கைவிடும் அளவுக்குச் சிக்கலானவை. நூலில் எழுதப்படாத சூழல்கள் நாள்தோறும் எழும் என்பதும், அப்போது நடத்துநர் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் உண்மை. இவற்றுள் எதுவும் விதியைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. கெட்ட விதிக்கு மருந்து நல்ல விதி. பெரிய நூலுக்கு மாற்று சிறிய நூல். வீண்வாதத்துக்கு மருந்து, அந்த நேரத்துக்கு நடத்துநர் முடிவைச் சொல்லி நகர்ந்துவிட்டு, ஆட்டம் முடிந்தபின் அனைவரும் நூலைப் பார்த்து வருங்காலத்துக்கான வழக்கை எழுதிவைப்பது. எழுதிவைத்த தீர்ப்பு அடுத்த வாரம் விதியாகிவிடும். அடுத்த முறை அதே சூழலில் நடத்துநரும் அதற்குக் கட்டுப்படுவார். நடத்துநரின் தீர்ப்புரிமைக்குப் பொருள் வருவதே இந்தக் கட்டுப்பாட்டினால்தான்.

ஆகவே சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களிலும் இந்த ஆட்டத்தை நடத்துவோர் மேற்கொள்ளத் தக்கவை தெளிவாகின்றன: விரும்பும் பாணிக்குப் பரிசளிக்கும் விதிநூலைத் தேர்வது, மாற்றங்களைத் தொடங்கும் முன்பே சொல்வது, பகடையை எல்லார் கண்ணிலும் படும்படி உருட்டுவது, விதிநூல் நடத்துநரிடம் மட்டுமின்றி ஆட்டக்காரர் கையிலும் இருக்கச் செய்வது. இவற்றுள் கடைசியானது தமிழருக்குத் தனிப்பொறுப்பையும் தருகிறது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு, அதை வெளியிடும் நிறுவனத்தின் உரிம மாற்றத் திட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் காட்டிய கடும் எதிர்ப்பின் விளைவாக, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், எவரும் அதை எந்த மொழியிலும் பெயர்த்து அச்சிடலாம், விற்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் அது ஏற்கெனவே கிடைக்கிறது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றான தமிழிலும், பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் பயிலும் மாணவர் கையில் பிடித்துப் படித்து, தம் பாத்திரத்தின் உரிமை இன்னதென்று விரல்வைத்துக் காட்டக்கூடிய ஒரு விதிநூல் வேண்டும். விதிகளே வேண்டாம் என்பவர்கள் அந்த மாணவரிடம், உன் கற்பனையை மட்டும் கொண்டு வா என்று அன்போடு சொல்கின்றனர். அந்தக் கற்பனைக்கு மேசையில் இடம் கிடைக்க எழுதப்பட்ட உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. அந்த உத்தரவாதத்தை விதிநூலைத் தவிர வேறெதுவும் இதுவரை தந்ததில்லை என்பதால், அதை மூடிவைக்கச் சொல்வதைவிட எல்லாருக்கும் விளங்கும் மொழியில் திறந்துவைப்பதே இந்த ஆட்டத்தை நேசிப்போர் செய்யவேண்டிய பணி.